கடற்கரை ஊரில் சங்கக் கடை

கைத்தறி நெசவாளர் சங்கங்களின் பேரவைக் கூட்டங்களில் ஒரு யோசனை அடிக்கடி எழுகிறது. "மாமல்லபுரத்தில் நம் சங்கம் ஒரு கடை திறந்தால் என்ன? உலகமெங்கிலுமிருந்து பிரயாணிகள் வந்து குவிகிறார்கள். தறியிலிருந்து இறங்கும் சரக்கை நேரே அவர்களிடம் விற்கலாமே" என்று அங்கத்தினர்கள் கேட்கிறார்கள். இளநீர், தர்ப்பூசணி, நிலக்கடலை, காய்கறி முதலியவற்றை விளைவிக்கும் விவசாயிகளின் விற்பனைச் சங்கங்களிலும் இதே ஆசை உண்டு. ஆசை நியாயமானதுதான். ஆனால் கடைக்குப் போடும் முதல், அங்கத்தினர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குத் தொகையாகும். ஆகவே அத்தகைய ஊரில் பணம் எப்பொழுது வருகிறது, எந்த வழியாக வருகிறது, யார் கையில் தங்குகிறது என்பவற்றை அறிந்த பின்பே தீர்மானத்திற்குக் கை தூக்க வேண்டும்.

மாமல்லபுரம் சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், இன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் உள்ளது. பல்லவர் காலத்துக் குடைவரைகளும் ஒற்றைக்கல் இரதங்களும் கடற்கரைக் கோயிலும் 1984-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டன. அதற்கு முன்பே, 1957-ஆம் ஆண்டில், சர்க்கார் இங்கே சிற்பப் பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கியது. அது பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. பழைய ஊரில் புதிய உளியோசை எழுந்ததற்கு அந்நிலையம் ஒரு முக்கிய காரணம். கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகிச் சுங்கச் சாலையான பின்னர்ச் சென்னையிலிருந்து வரும் மோட்டார் வாகனங்கள் பெருகின. 2019-ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இங்கே சந்தித்தனர். 2022-இல் சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. இவற்றால் ஊரின் பெயர் மேலும் பரவியது.

2011-ஆம் ஆண்டு ஜனக்கணக்கெடுப்பின்படி இவ்வூரின் மக்கள் தொகை 15,172. தொல்லியல் துறையின் கணக்கில், 2021-22-இல் இங்குள்ள சின்னங்களைக் காண வந்த வெளிநாட்டார் மட்டும் 1,44,984 பேர். அவ்வாண்டில் தாஜ்மகாலைக் கண்ட வெளிநாட்டாரைவிட இத்தொகை அதிகம். கூட்டங்களில் இந்த எண்ணை எடுத்துக் காட்டிப் பேசுவோர் உண்டு; கேட்டு மயங்கலாகாது. அது கொள்ளைநோய்க் காலத்தை ஒட்டிய, வழக்கத்திற்கு மாறான ஆண்டு. மேலும் அது நுழைவுச் சீட்டின் கணக்கேயன்றிச் சரக்கு வாங்கியோரின் கணக்கன்று. காலையில் வந்து, சின்னங்களைப் பார்த்து, மீன் வறுவல் உண்டு, மாலையில் திரும்புவோரே பெரும் பகுதியினர். அவர்கள் கடைத்தெருவில் செலவிடும் நேரம் சிலருக்கு அரைமணி, சிலருக்கு அதுவும் இல்லை.

முதலில் பருவத்தைக் கவனிப்போம். மார்கழி, தை, மாசி மாதங்களில் வெளிநாட்டார் வருகை மிகுதி. அப்பொழுதுதான் சுற்றுலாத் துறையின் நாட்டிய விழாவும் நடைபெறுகிறது. பள்ளி விடுமுறையில் உள்நாட்டுக் குடும்பங்கள் வருகின்றன. எஞ்சிய காலத்தில் சனியும் ஞாயிறுமே வியாபார நாட்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவே வெறிச்சோடிக் கிடக்கும். ஆனால் வாடகையும் மின்கட்டணமும் விற்பனையாளர் சம்பளமும் பன்னிரண்டு மாதங்களுக்கும் உண்டு. தறியும் பன்னிரண்டு மாதங்கள் ஓடுகிறது. நெசவாளிக்குக் கூலி வாரந்தோறும் வேண்டும். நான்கு மாதம் விற்கும் கடைக்காகப் பன்னிரண்டு மாதம் நெய்தால், எட்டு மாதச் சரக்கை அடுக்கி வைத்துக் காத்திருக்கும் வலிமை சங்கத்திற்கு வேண்டும். தனி வியாபாரி இக்காலத்தைக் கடன் வாங்கிக் கடத்துகிறார். பருவ இலாபத்தின் நல்ல பகுதி வட்டியாகப் போய்விடுகிறது. மத்திய கூட்டுறவு வங்கியில் காசுக்கடன் வரம்பு பெற்றுள்ள சங்கம் இந்த ஒரு விஷயத்தில் அவரைவிட நல்ல நிலையில் உள்ளது.

பருவமே தவறிப்போவதும் உண்டு. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், பருவத்தின் உச்சத்தில், கடல் பொங்கி வந்தது. படகும் வலையும் இழந்த மீனவர்களோடு கடற்கரையோரக் கடைக்காரர்களும் விடுதிக்காரர்களும் நஷ்டமடைந்தனர். 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொள்ளைநோயின் பொருட்டுச் சின்னங்கள் மூடப்பட்டன. பல மாதங்கள் பிரயாணியே இல்லை. கருங்கல்லில் கோயில் விக்கிரகங்கள் செய்யும் பட்டறைகளுக்கு வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் முன்பணத்தோடு வேலை வருவது வழக்கம். மாக்கல்லில் சிறு யானையும் பிள்ளையாரும் செதுக்கித் தெருவில் விற்பவர்களுக்கோ அன்றைய பிரயாணியே கதி. ஒரே ஊரில், ஒரே உளியால் பிழைக்கும் இருவரில் ஒருவர் வாசலில் வருவோரை நம்பியிருக்கிறார். மற்றவர் அவ்வாறு நம்பியிருக்கவில்லை. நெசவாளர்கள் இந்த வேறுபாட்டை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்தது இடம். இவ்வூரில் இடம் ஏன் இவ்வளவு விலை பெறுகிறது என்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது; அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதியின் பேரில்தான் கட்டலாம் என்று 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விதிக்கிறது. மாமல்லபுரத்தில் சின்னங்கள் ஊரெங்கும் சிதறியிருப்பதால் இவ்வட்டங்கள் ஒன்றையொன்று தழுவி ஊரின் பெரும் பகுதியை மூடிவிடுகின்றன. கடலோரத்திற்கு 1991 முதல் தனி ஒழுங்குமுறை அறிவிக்கைகள் உள்ளன. சின்னங்களைக் காப்பதற்கு இவ்விதிகள் அவசியம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மகனுக்கு மணமாகி ஓர் அறை கூட்டிக் கட்ட நினைக்கும் உள்ளூர்வாசிக்கும் இதே விதிதான். கட்டக்கூடிய இடம் குறைவு, கேட்போர் மிகுதி. ஆகவே கடைகள் சில தெருக்களில் நெருங்குகின்றன, வாடகை உயர்கிறது. மீனவர் குப்பத்தை அடுத்த தெருக்களில் வீட்டின் ஒரு பகுதியைப் பிரயாணிகளுக்கு வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் உண்டு. வாடகை தாளாமல் ஊருக்கு வெளியே குடியேறியவர்களும் உண்டு.

பதினொரு மாத ஒப்பந்தம் என்பது நம் நாட்டில் பரவிய வழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் வந்த வழக்கம் இது. சுற்றுலா ஊரில் இதனால் விளைவது என்ன? சங்கம் பணம் செலவிட்டு அலமாரியும் விளக்கும் அமைத்து, வாடிக்கை பிடித்த நேரத்தில், பருவத்திற்கு முன்பாக உரிமையாளர் வாடகையை உயர்த்துகிறார். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் நகர்ப்புறங்களில் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியுள்ளது. சங்கமோ அதற்கும் மேலாக, மூன்றாண்டுக் குறையாத குத்தகையை, வாடகை உயர்வின் விகிதத்தையும் எழுதி, முறைப்படி பதிவு செய்து பெற வேண்டும். அது கிடைக்காத இடத்தில் அலமாரி செய்ய ஒரு பலகைகூட வாங்கலாகாது.

மூன்றாவது, கழிவு. இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவோர் குறைவு. பிரயாணியைக் காரிலோ ஆட்டோவிலோ அழைத்து வருபவர், வழிகாட்டி, சில இடங்களில் விடுதிப் பணியாள், ஆகிய இவர்கள் எந்தக் கடைக்கு அழைத்துச் செல்கிறார்களோ அந்தக் கடைக்காரர் விற்பனையில் ஒரு பங்கு கொடுப்பது சுற்றுலா ஊர்களில் வழக்கம். கணக்கு விளங்குவதற்காக ஒரு கற்பனை உதாரணம் கூறுவோம். ஒரு விரிப்பு 1,000 ரூபாய்க்கு விற்கிறது. அழைத்து வந்தவருக்கு 200, வாடகை, சம்பளம், மின்சாரம் ஆகியவற்றிற்கு 300, கடைக்காரருக்கு 150 என்றால், சரக்குக் கொடுத்தவருக்கு எஞ்சுவது 350. அதில் நூலுக்கும் சாயத்திற்கும் 200 போக, நெய்தவர் குடும்பத்திற்குக் கிடைப்பது 150. அதாவது தெருவில் ஒரு மணி நேரம் உடன் நடந்தவரின் பங்கைவிடக் குறைவு. சங்கம் இடையிலுள்ள கடைக்காரரின் 150-ஐ மீட்கலாம். ஆனால் அந்த 200-ஐக் கொடுக்க மறுத்தால் வாகனங்கள் நம் வாசலில் நிற்கா. கொடுத்தாலோ, தணிக்கையாளர் வந்து "இச்செலவை எந்தத் தலைப்பில் எழுதினீர்கள், ரசீது எங்கே?" என்று கேட்பார். அவர் கேட்பதும் முறையே.

கழிவு கொடாமல் வாடிக்கை பிடிக்க வேண்டுமானால், பிரயாணி தாமாகவே நம் கடையைத் தேடி வருவதற்கு ஒரு காரணம் வேண்டும். அக்காரணம் நம்பிக்கையே. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்றும், செயற்கை இழையைப் பட்டு என்றும் கூறி விற்கும் கடைத்தெருவில், குறித்த விலையும் உண்மையான முத்திரையும் உள்ள கடை தனித்துத் தெரியும். கைத்தறி முத்திரை 2006-ஆம் ஆண்டிலும், பட்டு முத்திரை 2004-ஆம் ஆண்டிலும் ஏற்பட்டன. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. மாமல்லபுரம் கற்சிற்பத்திற்கு 2017-இல் அது கிடைத்தது. குறியீடு பெற்றவுடன் எல்லாம் ஆயிற்று என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. உற்பத்தியாளர் தம்மை அதிகாரம் பெற்ற உபயோகிப்பாளராகப் பதிவு செய்துகொண்டால்தான் அக்குறியீட்டைச் சரக்கில் இட்டு விற்கவும், போலியை எதிர்த்து வழக்காடவும் உரிமை முழுமையாகும். இப்பதிவை அங்கத்தினர்களுக்குச் செய்து கொடுப்பது கடை திறப்பதைவிடச் செலவு குறைந்த காரியம். பல சங்கங்கள் இதைச் செய்யாமலே கடையைப் பற்றி விவாதிக்கின்றன.

எந்தச் சரக்கு விற்கும் என்பதிலும் நிதானம் வேண்டும். காஞ்சிபுரம் சாலை வழியே 65 கிலோமீட்டர்தான். கலியாணப் புடைவை வாங்க நினைப்பவர் அங்கேயே செல்வார். வழிப்பிரயாணி வாங்குவது பையில் மடித்து வைக்கக்கூடிய, கனமில்லாத, யோசிக்காமல் எடுக்கக்கூடிய பொருள்: துண்டு, கழுத்துத் துணி, மேசை விரிப்பு, தலையணை உறை, சிறு பை. இவற்றை நெய்வதற்கு அளவும் நிறமும் மாற வேண்டும். பருவத்திற்கு ஆறு மாதம் முன்பே நூல் வாங்கிச் சாயமிட வேண்டும். ஆனால் சங்கத்தின் தறிகள் அனைத்தையும் இதற்கே திருப்புவது, மேலே கூறிய மாக்கல் வியாபாரியின் நிலைக்குச் சங்கத்தைக் கொண்டு போவதாகும்.

விவசாயிகளின் நிலை சற்று வேறு. இளநீரும் தர்ப்பூசணியும் தெருவில் விற்பவை. தெரு வியாபாரிகளுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விற்பனைச் சான்றிதழ் பெறும் உரிமையும், நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதவிகிதத்திற்குக் குறையாத பிரதிநிதித்துவமும் உண்டு. சான்றிதழ் இல்லாதவர், பெரிய விருந்தினர் வரும் நாட்களில் முதலில் அப்புறப்படுத்தப்படுவார். காய்கறிக்கு மெய்யான வாடிக்கை, சாலையோர விடுதிகளின் சமையற்கூடங்களே. அவை நாள்தோறும் ஒரே அளவு, ஒரே தரம் கேட்கின்றன. பணத்தைப் பெரும்பாலும் தவணை சொல்லியே தருகின்றன. ஆகையால்தான் திருக்கழுக்குன்றத்துக் கத்தரிக்காய் இருக்க, கோயம்பேட்டிலிருந்து காய் வருகிறது. தனி விவசாயியால் ஒரு மாதம் பணத்திற்குக் காத்திருக்க இயலாது. சங்கம் விவசாயிக்கு வாரந்தோறும் பணம் கொடுத்து, விடுதியிடம் மாதந்தோறும் வசூலித்தால் இவ்வியாபாரம் கைக்கு வரும். இதற்குக் கடைத்தெருவில் கடையே தேவையில்லை. தரம் பிரிக்க ஒரு கொட்டகையும் ஒரு வண்டியும் போதும். என் கருத்தில், இரு வகைச் சங்கங்களில் முதலில் துணிந்து இறங்கத் தக்கது இதுவே. நிலத்தை மனைக்கு விற்றுவிடலாமா என்று எண்ணிக்கொண்டிருக்கும் விவசாயிக்கு உழவைத் தொடர ஒரு காரணமும் ஆகும்.

நெசவாளர் சங்கம் கடை வைத்தே தீரவேண்டுமெனில், மூன்று நான்கு சங்கங்கள் சேர்ந்து ஒரு கடையாக வைப்பது நன்று. அதற்கும் முன்பாக, நாட்டிய விழாக் காலத்தில் தற்காலிக அங்காடி ஒன்றை ஒரு பருவம் நடத்திப் பார்க்கலாம். அப்பொழுது எழுதும் விற்பனைப் புத்தகத்தில் சனி, ஞாயிறு விற்பனையை மற்ற நாட்களிலிருந்து பிரித்து எழுதவும். உள்நாட்டார் வாங்கியது எவ்வளவு, வெளிநாட்டார் வாங்கியது எவ்வளவு, தாமாக வந்தவர் எத்தனை பேர், அழைத்து வரப்பட்டவர் எத்தனை பேர், எடுத்துப் பார்த்து வாங்காமற்போன பொருள் எது என்பவற்றையும் குறித்துக்கொள்ளவும். குத்தகைத் தீர்மானம் பேரவைக்கு வரும் நாளில் அந்தப் புத்தகம் மேசை மீது இருக்கட்டும்.