பிள்ளை ஸ்கூட்டர் ஓடுதோ? டயரில காத்துப் போறதைப் பற்றியும் கதையுங்கோ

பிரிட்டனில் 16 வயதில் மொபெட், 17 வயதில் 125 சிசி. சி.பி.டி. பயிற்சியை முடித்து 'எல்' பலகையை மாட்டினால் பிள்ளை ரோட்டில். என் மகளும் இப்போது அப்படித்தான் கல்லூரிக்குப் போய் வாறா. ஹெல்மெட், ஜாக்கெட் பற்றியெல்லாம் வீட்டில் சொல்லுவோம். ஓடிக்கொண்டிருக்கேக்க டயரில் காற்று இறங்கினால் என்ன செய்வது? இதை ரோட்டில் செய்து பழக முடியாது. முன்கூட்டியே வாயால் சொல்லித்தான் வைக்க வேணும்.

பின் டயர் என்றால் வண்டியின் வால் பக்கம் நெளியும். முன் டயர் என்றால் ஹாண்டில் பாரமாகி, திருப்பினாலும் திரும்பாத மாதிரி இருக்கும். முன்னுக்குப் போறதுதான் கூடப் பயம்.

பதற்றத்தில் கை தானாகவே பிரேக்கை இறுக்கும். அதைத்தான் செய்யக் கூடாது. காற்றில்லாத டயர் ரோட்டைப் பிடிக்காது, ரிம்மை விட்டும் கழரலாம். ஹாண்டிலை இரண்டு கையாலும் பிடித்து, ஆக்சிலேட்டரை மெல்ல விட்டு, நேராகவே போய் வேகம் குறைய ஓரம் கட்ட வேணும். பிரேக் தேவையென்றால் நல்ல டயரின் பிரேக்கை மட்டும், மெதுவாக. ஸ்கூட்டரில் வலது கை முன் பிரேக், இடது கை பின் பிரேக். ஊரில் பைக் ஓடின சித்தப்பாமாருக்குப் பின் பிரேக் காலில். அவையள் சொல்லிக் குடுக்கேக்க இதைக் கவனியுங்கோ. சில ஸ்கூட்டர்களில் இடது பிரேக்கைப் பிடித்தால் முன்னுக்கும் சேர்ந்து பிடிக்கும். உங்கட வண்டி எப்படி என்று கையேட்டில் பார்த்து வையுங்கோ.

போன மாதம் மகளுக்கே இது நடந்தது. பின் டயர். இடது சிக்னல் போட்டு, மெல்ல ஓரம் கட்டி, நடைபாதையில் ஏறி நின்றுதான் எனக்குப் போன் எடுத்தா.

"அம்மா, ஆணி ஒண்டு. நான் பிடுங்கேல்ல."

எனக்குக் கால் நடுங்கினது. ஆனால் அவ செய்தது சரி. டியூப் இல்லாத டயரில் ஆணி இருக்கும் வரை காற்று மெல்லத்தான் போகும். பிடுங்கினால் ஒரேயடியாகப் போயிடும்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் வண்டி எடுக்க முதல் காற்று பார்க்கிறோம். பெற்றோல் ஸ்டேஷன் வரை ஓடினால் டயர் சூடாகி அளவு கூடக் காட்டும், அதனால் வீட்டிலேயே ஒரு கேஜ் இருக்கு. டயர் தேய்மானத்துக்கு இங்கத்தைய சட்டம் காருக்கு 1.6 மி.மீ., 50 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு 1 மி.மீ. மட்டும். நான் 2 மி.மீ. வந்தாலே மாத்திப்போடுவன்.