விண்டோஸ் திறக்கலையா? அவசரப்பட்டு பார்மட் போடாதீங்க!

செங்கல்பட்டு,

காலையில் கடையை திறந்து கம்ப்யூட்டரை ஆன் செய்தால் விளக்கு எரிகிறது, பேன் சுற்றுகிறது. ஆனால் விண்டோஸ் மட்டும் வரவில்லை. கறுப்பு திரையில் நாலு வரி ஆங்கிலம் நிற்கிறது. இல்லையென்றால் நீலத்திரை. வாசலில் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க ஆட்கள் காத்து நிற்கிறார்கள்.

செங்கல்பட்டு ஜெராக்ஸ் கடை, மாமல்லபுரம் சிற்பக்கூடம், கோவளம் விடுதி என்று எங்கு வேண்டுமானாலும் இது நடக்கலாம். அந்த பதற்றத்தில் முதலில் காதில் விழும் வார்த்தை, ‘பார்மட் போட்டுடலாமா?’ என்பதுதான்.

ஆபத்தே அங்கேதான். விண்டோஸ் திறக்கவில்லை என்றால் உள்ளே இருக்கும் கல்யாண போட்டோ, கடை கணக்கு, ஆர்டர் படம் எல்லாம் அழிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலும் அவை பத்திரமாகவே இருக்கும். பார்மட் போட்டால்தான் பறிபோகும்.

ஒரு பைல் செய்த வேலை

2024 ஜூலை 19-ந்தேதி உலகமே இதை பார்த்தது. ‘கிரவுட்ஸ்டிரைக்’ என்ற பாதுகாப்பு மென்பொருளின் கோளாறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றன. சென்னை உள்பட பல விமான நிலையங்களில் பயணிகள் தவித்தனர். போர்டிங் பாஸை கையால் எழுதி கொடுத்தார்கள்.

அதற்கு தீர்வு என்ன தெரியுமா? கம்ப்யூட்டரை ‘சேப் மோடு’ எனும் பாதுகாப்பு முறையில் திறந்து, கோளாறான அந்த ஒரு பைலை அழித்தார்கள். அவ்வளவுதான். பார்மட் போட வேண்டிய அவசியமே இல்லை.

எங்கே நிற்குது?

சுவிட்சை தட்டியதும் முதலில் ‘பயாஸ்’ எனும் சிறு மென்பொருள் ரேம், டிஸ்க் போன்ற பாகங்களை சோதிக்கும். பிறகு டிஸ்க்கில் உள்ள துவக்க பைலை தேடும். அந்த பைல்தான் விண்டோசை எழுப்பும். இதில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தாலே பாதி கோளாறு தெரிந்துவிடும்.

திரையே வராமல் ‘பீப் பீப்’ என்று கத்தினால் பெரும்பாலும் ரேம் கோளாறு. கடலோர ஊர்களில் உப்புக்காற்று பட்டு அதன் முனைகள் கறுத்துப்போகும். கரண்ட் இணைப்பை பிடுங்கிவிட்டு, ரேமை கழற்றி, முனைகளை பென்சில் ரப்பரால் மெதுவாக துடைத்து மாட்டினால் பல நேரம் சரியாகிவிடும்.

‘பூட் டிவைஸ் இல்லை’ என்று வந்தால் முதலில் செருகியிருக்கும் பென்டிரைவை பிடுங்குங்கள். அதிலிருந்து விண்டோசை தேடிக்கொண்டிருக்கலாம். அப்படியும் வராவிட்டால் ஹார்டு டிஸ்க் கேபிள் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேதி, நேரம் பழைய வருஷத்துக்கு ஓடியிருந்தால் மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது. ‘சிஆர் 2032’ என்று கேட்டால் கடையில் கிடைக்கும்.

புயலும் காரணம்

2022 டிசம்பர் 9-ந்தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையை கடந்தது. இதுபோன்ற புயல் நாட்களில் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும். கம்ப்யூட்டர் எதையாவது எழுதிக்கொண்டிருக்கும்போதோ, அப்டேட் ஓடும்போதோ கரண்ட் போனால் துவக்க பைல் பழுதாகிவிடும். யு.பி.எஸ். இல்லாத கடைகள் மழைக்காலத்தில் உஷாராக இருப்பது நல்லது.

லோகோவோடு நின்றால்...

விண்டோஸ் லோகோ வந்து சுற்றிக்கொண்டே இருந்தால், பவர் பட்டனை 10 விநாடி அழுத்தி அணையுங்கள். இப்படி 2, 3 முறை செய்தால் விண்டோஸ் 10, 11-ல் பழுதுநீக்கும் திரை தானாக வரும்.

அதில் ‘டிரபிள்ஷூட்’, பிறகு ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போனால் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ இருக்கும். முதலில் அதை ஓடவிட வேண்டும். சரியாகவில்லையா? கடைசியாக வந்த அப்டேட்டை நீக்கும் வசதியும், பழைய நிலைக்கு திருப்பும் ‘சிஸ்டம் ரீஸ்டோர்’ வசதியும் அங்கேயே உண்டு. இவை எதுவும் உங்கள் போட்டோவை தொடாது.

ஆனால் ஹார்டு டிஸ்க்கில் ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். திரும்ப திரும்ப ஆன் செய்தால் உள்ளதும் போய்விடும்.

முதல்ல பைல், அப்புறம் ரிப்பேர்

எதுவுமே சரிவராவிட்டாலும் வழி இருக்கிறது. டிஸ்க்கை கழற்றி வேறு கம்ப்யூட்டரில் யு.எஸ்.பி. மூலம் இணைத்து பைல்களை நகல் எடுக்கலாம். அல்லது உபுண்டு லினக்சை பென்டிரைவில் ஏற்றி, டிஸ்க்கில் பதியாமலே ‘டிரை’ முறையில் திறந்து எடுக்கலாம். உபுண்டு இலவசம்தான்.

தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், ஆரம்ப காலத்தில் கொடுத்த லேப்டாப்களில் விண்டோசுடன் ‘பாஸ்’ லினக்சும் இருந்தது. அந்த பழைய லேப்டாப் வீட்டில் இருந்தால், விண்டோஸ் படுத்துவிட்டாலும் லினக்ஸ் வழியாக பைலை எடுக்க வாய்ப்பு உண்டு.

48 இலக்க சாவி

புது லேப்டாப்களில் ஒரு சிக்கல். பலவற்றில் ‘பிட்லாக்கர்’ பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கும். ரிப்பேர் நேரத்தில் 48 இலக்க எண்ணை கேட்கும். அது இல்லாவிட்டால் எந்த மெக்கானிக்காலும் பைலை எடுக்க முடியாது. லேப்டாப் வாங்கியபோது போட்ட மைக்ரோசாப்ட் கணக்கில் அந்த எண் இருக்கும். லேப்டாப் நன்றாக ஓடும்போதே போனில் அந்த கணக்கை திறந்து, எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது.

கடைக்கு எடுத்துப்போனால், ‘டேட்டாவை எடுத்த பிறகுதான் பார்மட்’ என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். விண்டோசை எப்போது வேண்டுமானாலும் திரும்ப ஏற்றலாம். அக்கா கல்யாண போட்டோவை திரும்ப எடுக்க முடியுமா?