கோடு இறங்கும்போது

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் டெல்டாவில் காய்ச்சலும் வந்துவிடும். கொல்லையில் கிடக்கும் கொட்டாங்குச்சியில் தேங்கிய நீரே கொசுவுக்குப் போதும். பிள்ளையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்து, "மேலு சுடுதே" என்பாள் தாய். காலையில் ஒருமுறை, படுக்கும்போது ஒருமுறை பார்ப்பதோடு சரி. நடுராத்திரியில் சூடு எவ்வளவு ஏறியது, எப்போது தணிந்தது என்று யாருக்கும் தெரியாது.

உடம்பில் அணியும் கம்பியில்லா வெப்ப உணரி அந்த நேரத்தையும் விழித்திருந்து பார்க்கிறது. 2020இல் கொரோனா பரவியபோது, சென்னை ஐ.ஐ.டி.யின் மருத்துவத் தொழில்நுட்ப மையமும் ஹெலிக்சான் நிறுவனமும் சேர்ந்து இப்படி ஒரு கருவியைக் கொண்டுவந்தன. அக்குளில் வெப்பத்தையும் விரலில் ஆக்சிஜனையும் அளந்து தொலைவில் இருக்கும் மருத்துவருக்குக் காட்டும்.

இத்தகைய கருவிகள் பலவற்றின் உயிர்நாடி, நெல்மணியைவிடச் சிறிய தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். அந்த மாற்றத்தை ஒரு சில்லு டிகிரியாக்கி, புளூடூத் வழியே கைபேசிக்கு அனுப்பும். விட்டுவிட்டு அனுப்புவதால் சின்ன பேட்டரியே பல நாள் தாங்கும். கைபேசியில் வெப்பம் ஒரு கோடாக ஏறி இறங்கும்.

ஆனால் உணரி தொட்டுப் பார்ப்பது தோலைத்தான். உடம்பின் உள்ளே 37 டிகிரி இருக்கும்போது வெளித்தோல் 33, 34தான் காட்டும். கையை ஒட்டி வைத்த அக்குள் மூடிய இடம் என்பதால் உள்வெப்பத்தை நெருங்கும். மணிக்கட்டு அப்படியல்ல. உச்சிவெயிலில் களை பறிக்கும் பெண்ணுக்கு வியர்வை காயக் காயத் தோல் குளிரும். உள்ளே சூடு ஏறிக்கொண்டிருக்கும். அவர் மணிக்கட்டுப் பட்டையை நம்பி வெயிலில் நிற்கக் கூடாது. தலை சுற்றினால், குமட்டினால் உடனே வரப்பேறி நிழலுக்கு வந்துவிட வேண்டும்.

கோடு இறங்கினாலும் கவனம் வேண்டும். பச்சிளங்குழந்தையின் உடம்பு 36.5 டிகிரிக்குக் கீழே போவது ஆபத்து. பெங்களூரில் உருவான பெம்பு கைப்பட்டை அப்போது ஒலி எழுப்பும். தாய் குழந்தையை நெஞ்சோடு தோல் படச் சேர்த்து அணைத்துக்கொள்ள வேண்டும்.

டெங்குவில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும். வீடே நிம்மதியடையும் அந்த நேரத்தில்தான் சிலருக்கு ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், பிள்ளை துவண்டு கிடப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கைபேசி 37 என்று காட்டுகிறதே என்று காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பாராசிட்டமால் கொடுத்த நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கோடு தானாக இறங்கியதா, மாத்திரையால் இறங்கியதா என்பதை மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். வயலில் சேற்றில் இறங்கியவருக்குக் காய்ச்சல் என்றால் அதையும் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலா என்று பார்ப்பார்கள்.