வீட்டிலிருந்து வேலை: அலுவலகத்தின் இன்னொரு கதவு

கொரோனா ஊரடங்கில் தொடங்கிய 'வீட்டிலிருந்து வேலை' இன்று பெரிய கணினி நிறுவனங்களோடு நின்றுவிடவில்லை. மொத்த வியாபாரம் செய்பவர்கள், ஏற்றுமதியாளர்கள், டிராவல்ஸ் நடத்துபவர்கள் எனப் பலரும் கணக்கு எழுதுவது, பில் போடுவது போன்ற வேலைகளை வீட்டில் இருக்கும் ஊழியரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். வெளியே சென்று வேலை பார்க்க இயலாத பெண்கள் பலருக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் இரவில் கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போகும் முதலாளி, அதே கடையின் இன்னொரு கதவு ஊழியரின் லேப்டாப்பில் இருப்பதை நினைத்துப் பார்ப்பதில்லை.

அந்தக் கதவு எப்படித் திறக்கப்படுகிறது என்பதற்கு 2020 ஜூலையில் ட்விட்டர் நிறுவனத்தில் நடந்த சம்பவம் நல்ல பாடம். ஒபாமா, ஜோ பைடன், பில் கேட்ஸ், எலான் மஸ்க் போன்றவர்களின் கணக்குகளில் திடீரென ஒரே மாதிரியான பதிவுகள் வந்தன. பிட்காயின் அனுப்பினால் இரு மடங்காகத் திருப்பித் தருவோம் என்றன அவை. சில மணி நேரத்தில் 1,18,000 டாலருக்கும் மேல் சுருட்டப்பட்டது. முக்கியக் குற்றவாளி எனப் பிடிபட்டவருக்கு வயது 17.

கணினியின் பாதுகாப்பு அரணை உடைக்கும் பெரிய வித்தை எதையும் இவர்கள் செய்யவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்த ஊழியர்களுக்குப் போன் செய்தார்கள், அவ்வளவுதான். நியூயார்க் மாநில நிதிச் சேவைகள் துறை அதே ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை இதை விரிவாகச் சொல்கிறது. "கம்பெனியின் ஐடி பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் விபிஎன் பிரச்சினையைச் சரி செய்ய அழைத்திருக்கிறோம்" என்ற ரீதியில் பேச்சு தொடங்கும். வீட்டை அலுவலகத்தோடு இணைக்கும் பாதுகாப்பான வழிதான் விபிஎன். எல்லோரும் திடீரென வீட்டுக்கு மாறியிருந்த அந்த நேரத்தில் அது அடிக்கடி மக்கர் செய்துகொண்டிருந்ததால், போன் வந்ததில் ஊழியருக்குச் சந்தேகம் எழ வாய்ப்புக் குறைவு.

பிறகு ஒரு இணையதள முகவரி தரப்படும். பார்வைக்கு அது கம்பெனியின் உண்மையான பக்கத்தைப் போலவே இருக்கும். ஊழியர் அதில் பாஸ்வேர்டைப் போட்ட அதே நொடியில், திருடன் அதை எடுத்து உண்மையான பக்கத்தில் போடுவான். உடனே உண்மையான நிறுவனத்திலிருந்து "உள்ளே வருவது நீங்கள்தானா?" என்று ஊழியரிடம் கேட்கப்படும். நாம்தானே உள்ளே போகிறோம் என்று நினைத்து சிலர் ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். ஒடிபி இருக்கிறது, கவலையில்லை என்று நம்புபவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிப்பது நல்லது. போலிப் பக்கத்தில் நாமே ஒடிபியைத் தட்டினால், அது நேராகத் திருடனின் கைக்குப் போகிறது.

அதே அலுவலகத்தில், பக்கத்து மேசையில் இன்னொரு ஊழியர் இருந்திருந்தால், "ஐடியிலிருந்து உனக்கும் போன் வந்ததா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வீட்டில் தனியாக இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. என் பார்வையில், வீட்டிலிருந்து வேலை செய்வதால் நிறுவனம் இழக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு இதுதான். விலை உயர்ந்த ஆன்டிவைரஸ் வாங்கினாலும் இந்த இழப்பு ஈடாகாது.

ஆகவே முதலாளி முதலில் செய்ய வேண்டியது பைசா செலவில்லாத ஒரு காரியம். பாஸ்வேர்டு, ஒடிபி, பணம் அனுப்புதல் தொடர்பாக யார் அழைத்தாலும், முதலாளியே அழைத்தாலும், போனை வைத்துவிட்டு ஏற்கனவே கைவசம் உள்ள எண்ணில் திரும்ப அழைக்க வேண்டும் என்று விதி வையுங்கள். 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய கணக்கில் போடுங்கள்' என்று சரக்கு அனுப்புபவரின் மின்னஞ்சல் வந்தாலும் இதே விதிதான். முதலாளியின் குரலையும் முகத்தையும் செயற்கை நுண்ணறிவால் போலியாக உருவாக்கும் காலம் இது. ஹாங்காங்கில் அரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், வீடியோ அழைப்பில் தோன்றிய போலி அதிகாரிகளை நம்பி ஏறத்தாழ 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். இது 2024-இல் வெளியான செய்தி. ஆகவே திரும்ப அழைத்துக் கேட்ட ஊழியரிடம், "என்னையே சந்தேகப்படுகிறாயா?" என்று ஒருபோதும் கோபிக்காதீர்கள். ஒரு முறை கோபித்தால் அடுத்த முறை அவர் கேட்க மாட்டார்.

ஒடிபியை விட வலுவான வழியும் உண்டு. பாஸ்கீ, அல்லது பென் டிரைவ் போன்ற பாதுகாப்புச் சாவி. இவை எந்த இணையதளத்துக்காகப் பதிவு செய்யப்பட்டனவோ அந்த முகவரியில் மட்டுமே வேலை செய்யும். போலிப் பக்கம் நம் கண்ணை ஏமாற்றலாம், சாவியை ஏமாற்ற முடியாது. கூகுள் தன் 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு 2017-இல் இத்தகைய சாவியைக் கட்டாயமாக்கிய பிறகு, போலிப் பக்கத்தால் ஒருவரது வேலைக் கணக்கும் பறிபோகவில்லை என்று 2018-இல் தெரிவித்தது. ஜிமெயில் கணக்குக்கு பாஸ்கீ வைக்கத் தனிச் செலவு எதுவும் இல்லை.

அடுத்து, போனவர்களின் சாவி. அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குத் தேவையான எரிபொருளில் கிட்டத்தட்ட பாதியைக் கொண்டுசெல்லும் கலோனியல் பைப்லைன் நிறுவனம் 2021 மே மாதம் முடங்கியதற்குக் காரணம், பயன்பாட்டில் இல்லாத பழைய விபிஎன் வழி ஒன்று. அதற்கு பாஸ்வேர்டு மட்டுமே காவல். கடைசியில் 75 பிட்காயின், அதாவது சுமார் 44 லட்சம் டாலர், கப்பமாகக் கொடுத்தார்கள். நம்மிடமும் வேலையை விட்டுப் போன கணக்காளரின் வாட்ஸ்அப் வெப் இணைப்பு, எனிடெஸ்க் அனுமதி, எல்லோருக்கும் தெரிந்த ஜிஎஸ்டி பாஸ்வேர்டு ஆகியவை அப்படியே கிடக்கின்றனவா என்று பாருங்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் போன் திருடுபோனால்?

வீட்டு லேப்டாப்பில் பிள்ளைகள் விளையாட்டுகளைப் பதிவிறக்குவது சகஜம். முடிந்தால் வேலைக்குத் தனிக் கருவி கொடுங்கள், இல்லையென்றால் அதே லேப்டாப்பில் தனிப் பயனர் கணக்காவது உருவாக்குங்கள். வைஃபை ரவுட்டரோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். கணக்குகளின் நகல் ஒன்று இணையத்தோடு தொடர்பில்லாத ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும். வாடிக்கையாளரின் ஆதார், பாஸ்போர்ட் நகல்கள் நம்மிடம் அமானிதமாக இருப்பவை. வேலை முடிந்ததும் ஊழியரின் கருவியிலிருந்து அவை அழிக்கப்பட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் போய்விட்டால், 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் கைமாறி எடுக்கப்படுவதற்குள் புகார் சென்றால்தான் வங்கிகள் அதை நிறுத்திவைக்க வழியுண்டு. திட்டு விழுமோ, வேலை போகுமோ என்று ஊழியர் இரண்டு நாள் மறைத்து வைத்தால் அந்த நேரம் கடந்துவிடும். இந்த எண்ணை அழைக்க யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம் என்று அவர்களிடம் இன்றே சொல்லி வையுங்கள்.