பெற்றோரிடம் பட்ட கடன்

புதிய ஏற்பாட்டில் ஒரே ஒரு முறை வரும் கிரேக்கச் சொல் 'அமொய்பே'. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தின் 5ஆம் அதிகாரம், 4ஆம் வசனத்தில் அது இருக்கிறது. விதவைக்குப் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இருந்தால், பெற்று வளர்த்தவர்களுக்குக் கைம்மாறு செய்ய அவர்கள் முதலில் கற்றுக்கொள்ளட்டும் என்கிறது கடிதம். மாற்றிக்கொள்வது, ஈடு கொடுப்பது என்று பொருள் தரும் சொல் அது. கணத்துக்குக் கணம் உருமாறும் அமீபாவுக்குப் பெயர் தந்ததும் இதுவே!

பாசத்தைப் பேசாமல் கடிதம் ஏன் கணக்குப் பேசுகிறது? பணமும் ஒரு காரணம். ஆதரவற்ற விதவைகளைச் சபை பராமரித்து வந்தது. 60 வயதுக்குக் குறையாதவர்களுக்குத்தான் அதன் பட்டியலில் இடம். சொந்தபந்தம் உள்ளவர்களை வீட்டாரே பார்த்துக்கொண்டால், நாதியற்றவர்களுக்குச் சபையின் கை எட்டும். அதை அதே அதிகாரத்தின் 16ஆம் வசனம் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது.

வளர்த்த கடன் என்ற எண்ணம் கிரேக்கர்களிடம் மிகப் பழையது. இலியட் காவியத்தில் சிமோயிசியோஸ் என்றொரு இளைஞன் வருகிறான். ஆடு பார்க்கப் போன தாய், மலையிலிருந்து இறங்கும் வழியில் சிமோயிஸ் ஆற்றங்கரையில் பெற்ற பிள்ளை. கிரேக்க வீரன் ஐயாஸின் ஈட்டி அவன் மார்பில் பாய்கிறது. வளர்த்தவர்களுக்குத் திருப்பிச் செய்யாமலே போய்விட்டான் என்பதையும் ஹோமர் குறிப்பிடத் தவறவில்லை.

ஏதென்ஸில் இந்தக் கடன் சட்டமாகவே இருந்தது. ஆர்க்கோன் என்ற உயர் அதிகாரி பதவிக்குத் தேர்வானவரிடம், பெற்றோரை ஒழுங்காக நடத்துகிறாயா என்று கேட்ட பிறகே பதவி. அவர்களை வதைப்பவன்மீது யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம். மற்றப் பொது வழக்குகளில் ஐந்தில் ஒரு பங்கு வாக்குகூடக் கிடைக்காவிட்டால் தொடுத்தவருக்கு 1,000 திராக்மா அபராதம். இதில் அந்தப் பயம் கிடையாது.

கடன் என்றால் தள்ளுபடியும் உண்டுதானே. மகனுக்குத் தொழில் கற்றுத்தராத தகப்பன் முதுமையில் சோறு கேட்க முடியாது என்பது ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்த சோலோனின் சட்டம் என்கிறார் பண்டைய எழுத்தாளர் புளூட்டார்க். மகனை விபச்சாரத்துக்குக் கூலிக்கு விட்ட தகப்பனுக்கும் அப்படியே. ஆனால் அவன் செத்தால் மகன் அடக்கம் செய்தாக வேண்டும் என்று பேச்சாளர் ஐஸ்கினஸ் நீதிமன்றத்தில் நினைவூட்டினார்.

யூதர்கள் சிலர் வேறு வழி பார்த்தார்கள். பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்கு நேர்ந்த காணிக்கை என்று அறிவித்துவிட்டால் போதும், வீட்டுக் கடமை கழிந்தது. பக்தியின் பெயரில் நடந்த இந்தத் தந்திரத்தை இயேசு வெளுத்து வாங்கினார் என்று எழுதுகிறார் மாற்கு.