ஒருவர் ஏற்றமும் ஊர் ஏற்றமும்

நுழையும்முன்

நாவல் ஒன்றைப் படித்து முடித்ததும் 'நன்றாக இருக்கிறது' என்றோ 'பிடிக்கவில்லை' என்றோ சொல்வது எளிது. ஏன் என்று கேட்டால் பலர் தயங்குகின்றனர். வறுமையிலிருந்து மேலெழுவோரைப் பற்றிய நாவல் என்றால் தயக்கம் இன்னும் கூடுகிறது. கதை, படிப்பவரின் வீட்டுக் கதையாகவும் இருக்கக்கூடும். அத்தகைய நாவலைப் பற்றி மாணவர் கொள்ளும் கருத்து எவ்வாறு உருவாகிறது, எப்போது மதிப்புப் பெறுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மலையும் நாவலும்

நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கொல்லிமலையின் மேற்பரப்பை அடையலாம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் அமைந்த இம்மலையில் 14 ஊராட்சிகள் உள்ளன. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என அவை 'நாடு' என்னும் பழம்பெயரைத் தாங்கி நிற்கின்றன. வல்வில் ஓரியின் சிலை அமைந்த செம்மேடு, வாழவந்தி நாட்டைச் சேர்ந்தது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த இம்மலையில் இன்று மிளகு, காப்பி, வாழை, அன்னாசி, மரவள்ளி ஆகியனவும் பயிராகின்றன. இங்கு வாழ்வோருள் பெரும்பான்மையர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். இப்பெயர் மலையை ஆள்பவர் என்னும் பொருளில் வழங்குகிறது, கேரளத்தோடு தொடர்புடையதன்று. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களிடையே வழங்கும் வாய்மொழிக் கதை.

கொல்லிமலை தமிழ் இலக்கியத்திற்குப் புதியதன்று. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான ஓரியின் ஈகையைப் புறநானூற்றில் வன்பரணர் பாடியுள்ளார். சிறுபாணாற்றுப்படையும் அவனைப் போற்றுகிறது. ஆயினும் அப்பாடல்களின் நடுவில் நிற்பவன் கொடுக்கும் அரசனே. அம்மலையில் கொத்தி விதைத்தவர்களும் தேனெடுத்தவர்களும் சுமை தூக்கி இறங்கியவர்களும் ஒரு முழுநீள நூலின் தலைமை மாந்தர் ஆவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. அவ்வாறு அவர்களை நடுவில் நிறுத்திய நாவல், கு. சின்னப்ப பாரதி எழுதிய 'சங்கம்' (1985). சுரண்டலுக்கு ஆட்பட்ட கொல்லிமலைப் பழங்குடி மக்கள் ஒன்றுதிரண்டு தம் உரிமையைக் கேட்கக் கற்றுக்கொள்வதே அந்நாவலின் பொருள்.

வறுமை என்பது யாது?

வறுமை என்றால் கையில் பணமில்லாமை என்று பொதுவாகக் கருதுகிறோம். அது வறுமையின் வெளித்தோற்றமே. மலைவாழ் உழவரின் வறுமையை மூன்று கட்டுகள் இறுக்குகின்றன.

முதலாவது கடன். விளைச்சலுக்கு முன்பே முன்பணம் பெற்ற உழவர், விளைந்த பொருளை வேறு எவருக்கும் விற்க இயலாது. இரண்டாவது விலை. பொருளை விளைவித்தவர் அதன் விலையைச் சொல்வதில்லை. வாங்குபவரே சொல்கிறார், நிறுப்பவரும் அவரே. மூன்றாவது தொலைவு. சந்தையும் மருத்துவமனையும் அலுவலகமும் மலைக்குக் கீழே இருக்கும்போது, ஒரு கையெழுத்துக்காக ஒரு நாள் கூலியை இழக்க நேர்கிறது. இம்மூன்றோடு எழுத்தறியாமையும் சேர்ந்தால், எழுதிய தாளில் என்ன இருக்கிறது என்பதை அறியாமலே கைநாட்டு வைக்கும் நிலை உண்டாகிறது.

இக்கட்டுகளைச் சட்டமும் உணர்ந்துள்ளது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், கடனுக்காக மனிதரைப் பிணைத்து வைப்பதைக் குற்றமாக்கியது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காடுவாழ் மக்களுக்கு வரலாற்றில் அநீதி இழைக்கப்பட்டதைத் தன் முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது. எனவே வறுமை, உழைக்காதவரின் குறை அன்று. உழைப்பின் பயன் வேறிடம் செல்லும்படி அமைந்த ஒழுங்கு என்பதை மாணவர் முதலில் மனங்கொள்ள வேண்டும்.

நான்கு நாவல்கள், நான்கு வழிகள்

வறுமையிலிருந்து மேலெழுதல் பற்றி இந்திய நாவல்கள் ஒரே விடையைத் தருவதில்லை.

முல்க் ராஜ் ஆனந்த் ஆங்கிலத்தில் எழுதிய 'கூலி' (1936) நாவலின் முனூ, காங்கிரா மலைப்பகுதியைச் சேர்ந்த, பெற்றோரை இழந்த சிறுவன். பிழைப்புக்காக மலையிறங்குகிறான், வீட்டு வேலை, ஊறுகாய்த் தொழிற்கூடம், பம்பாய்ப் பஞ்சாலை என அலைகிறான், இறுதியில் சிம்லாவில் ரிக்சா இழுத்துக் காசநோயால் மாள்கிறான். அவன் சோம்பேறி அல்லன். உழைப்பும் நல்லெண்ணமும் இருந்தும் அவன் ஏன் எழ முடியவில்லை என்பதே அந்நாவல் எழுப்பும் வினா.

விகாஸ் ஸ்வரூப்பின் 'கியூ அண்டு ஏ' (2005) நாவலில் ராம் முகம்மது தாமஸ் என்னும் உணவக ஊழியன், தொலைக்காட்சி வினாடி வினாவில் 100 கோடி ரூபாய் வெல்கிறான். ஒவ்வொரு வினாவுக்கும் அவன் பட்ட துன்பம் ஒன்றே விடையைத் தருகிறது. ஏழையின் பட்டறிவும் அறிவே என்பதை இந்நாவல் அழகாகக் காட்டுகிறது. ஆனால் அவனை உயர்த்துவது நற்பேறு. அது எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

சென்னையில் பிறந்த அரவிந்த் அடிகாவின் 'தி ஒயிட் டைகர்' (2008) புக்கர் பரிசு பெற்றது. ரிக்சா இழுப்பவரின் மகனான பல்ராம், தில்லியில் கார் ஓட்டுநராகிறான். தன் முதலாளியைக் கொன்று, பணத்தைக் கவர்ந்து, பெங்களூருவில் தொழிலதிபராகிறான். ஏழைகளின் நிலையை அவன் கோழிக்கூண்டுக்கு ஒப்பிடுகிறான். அக்கூண்டிலிருந்து அவன் ஒருவன் வெளியேறுகிறான். அவன் குடும்பமோ முதலாளியின் உறவினரது பழிவாங்கலுக்கு உள்ளாகும் நிலையில் விடப்படுகிறது. இவ்வெற்றியைக் கண்டு மகிழ்வதா, அஞ்சுவதா என்று படிப்பவர் திகைக்கிறார். அத்திகைப்பை உண்டாக்குவதே நாவலின் நோக்கம்.

'சங்கம்' நான்காவது வழியைக் காட்டுகிறது. அதன் தலைப்பே அதன் கொள்கை. அங்கு மேலெழ வேண்டியவர் தனி ஒருவர் அல்லர். ஊரே எழ வேண்டும். கடன் கொடுத்தவரிடம் தனியே நிற்கும் உழவர் இறைஞ்சுகிறார். சேர்ந்து நிற்கும் உழவர்கள் பேசுகின்றனர். இறைஞ்சுதலுக்கும் பேசுதலுக்கும் இடைப்பட்ட தொலைவே அந்நாவல் கடக்க முயலும் தொலைவு.

தெரிந்து தெளிவோம்

கு. சின்னப்ப பாரதி (1935 – 2022) நாமக்கல் வட்டாரத்தில் பிறந்தவர். உழவர், தொழிலாளர் இயக்கங்களில் ஈடுபட்டவர். 'தாகம்', 'சங்கம்', 'சர்க்கரை', 'சுரங்கம்' முதலிய நாவல்களை எழுதியுள்ளார். உழவர், பழங்குடியினர், சர்க்கரை ஆலைத் தொழிலாளர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் என உழைக்கும் மக்களின் வாழ்வே இவர் எழுத்தின் களம்.

மாணவர் கருத்துகள்

வாழவந்தி நாட்டில் பதினொன்றாம் வகுப்புப் பயிலும் மாணவர் நால்வர் 'சங்கம்' நாவலைப் படித்ததாகக் கொள்வோம். அவர்களிடம் எழக்கூடிய நான்கு கருத்துகளை ஆராய்வோம்.

முதல் மாணவர், "கடுமையாக உழைத்தால் எவரும் உயரலாம், மற்றவரைக் குறைசொல்லிப் பயனில்லை" என்கிறார். இக்கருத்தில் தன்னம்பிக்கை உள்ளது, அது போற்றத்தக்கது. ஆனால் மலையில் உழைக்காதவர் யார்? விடியுமுன் எழுந்து, சரிவில் கொத்தி, சுமையோடு இறங்கி ஏறும் பெற்றோரைக் கண்டவர் இம்மாணவர். தாம் கண்டதை மறந்து, கேட்டதை மட்டும் திருப்பிச் சொல்கிறார். கருத்துரைப்பவர் முதலில் தம் கண்ணை நம்ப வேண்டும்.

இரண்டாம் மாணவர், "எங்கள் மலையை ஏழ்மையாகக் காட்டுவது எங்களுக்கு இழிவு" என்கிறார். இதைப் புறந்தள்ளிவிட முடியாது. 'கியூ அண்டு ஏ' நாவலைத் தழுவிய 'ஸ்லம்டாக் மில்லியனர்' திரைப்படம் 2009இல் இந்தியாவில் வெளியானபோது, அதன் பெயர் குடிசைவாழ் மக்களை நாயோடு சேர்த்துச் சொல்வதாக மும்பையிலும் பாட்னாவிலும் எதிர்ப்புக் கிளம்பியது. வறுமையை வெளிநாட்டாருக்கு விற்பதாக அடிகாவின் நாவல் மீதும் குறை கூறப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டிக்கன்சு, பால்சாக் போன்றோர் தம் நாட்டின் குறைகளை எழுதியதாலேயே அச்சமூகங்கள் திருந்த வழி பிறந்தது என்னும் கருத்தில் அவர் விடையளித்தார். இரு பக்கமும் நியாயம் உண்டு. இதைத் தீர்க்க ஓர் அளவுகோல் உதவும்: நாவலில் வரும் ஏழை, பிறர் இரக்கப்படுவதற்காக மட்டும் நிற்கிறாரா? அல்லது சிந்திக்கிறாரா, சிரிக்கிறாரா, தவறு செய்கிறாரா, முடிவெடுக்கிறாரா? முன்னது வறுமையைக் காட்சிப்பொருளாக்குகிறது. பின்னது மனிதரைக் காட்டுகிறது.

மூன்றாம் மாணவர், "இது தாத்தா காலத்துக் கதை, இன்று சாலை உண்டு, பேருந்து உண்டு, கைபேசியும் உண்டு" என்கிறார். மாற்றத்தைக் கண்டது சரியே. மாறியவற்றைப் பட்டியலிட்ட இவர், மாறாதவற்றையும் பட்டியலிட வேண்டும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, பழங்குடியினரின் எழுத்தறிவோ 54.34 விழுக்காடு. ஒரு மிளகுக் கொடியின் உரிமையாளர் இன்று தம் விலையைத் தாமே சொல்கிறாரா என்னும் வினாவுக்கு விடை காண வீட்டாரிடமே கேட்கலாம். பழைய நாவல், இன்றைய நிலையை அளக்கும் முழக்கோலாகவும் பயன்படும்.

நான்காம் மாணவர், "நான் படித்து, மலையிறங்கி, நல்ல வேலைக்குப் போவேன், அதுவே என் வழி. சங்கம் எதற்கு?" என்கிறார். நால்வருள் மிகவும் நேர்மையான கருத்து இதுவே. படித்து உயர விரும்பும் மாணவரை, ஊரைக் கைவிடுபவர் என்று பழிப்பது முறையன்று. வீட்டில் முதன்முதலாக மேல்நிலைக் கல்விக்கு வந்த ஒருவரின் கனவு, அவ்வீட்டார் அனைவரின் கனவுமாகும். எனினும் இம்மாணவர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் பயிலும் பள்ளியும், பெறும் உதவித்தொகையும், இட ஒதுக்கீடும் ஒருவரின் தனி முயற்சியால் வந்தவை அல்ல. பலர் சேர்ந்து கேட்டதாலும் போராடியதாலும் சட்டமாகியவை. தனி ஒருவர் ஏறும் ஏணியையும் ஊர் கூடியே செய்திருக்கிறது. அப்படியானால் 'ஏறலாமா' என்பது வினாவன்று. 'ஏறிய பின் ஏணியை என்ன செய்வது' என்பதே வினா. பல்ராம் அதை உதைத்துத் தள்ளினான். கீழே நிற்பவருக்காக அதைப் பிடித்துக்கொள்ளவும் ஒருவரால் முடியும்.

கருத்துக்குச் சான்று

விருப்பம் வேறு; கருத்து வேறு. விருப்பத்திற்குக் காரணம் வேண்டியதில்லை. கருத்துக்குச் சான்று வேண்டும். நாவல் பற்றிய கருத்துக்கு இருவகைச் சான்றுகள் உண்டு.

ஒன்று, நூலுக்குள் உள்ளது: மாந்தரின் பேச்சு, செயல், நிகழ்ச்சிகளின் வரிசை, முடிவு, ஆசிரியர் சொல்லாமல் விட்டது. மற்றொன்று, வாழ்க்கையில் உள்ளது: படிப்பவர் கண்டதும் கேட்டதும் பட்டதும். நகரத்து வாசகர் நூலகத்தில் தேடி அறிய வேண்டியதை வாழவந்தி நாட்டு மாணவர் திண்ணையில் அமர்ந்தே அறிந்திருக்கக்கூடும். பலா பழுக்கும் பருவமும், மழைக்காலப் பாதையும், கடன் கேட்கப் போகும்போது பெரியவர்களின் குரல் தாழ்வதும் அவருக்குத் தெரியும். நாவலாசிரியர் ஓரிடத்தில் பிழைத்திருந்தால் அதைச் சுட்டும் உரிமையும் அவருக்கு உண்டு. அச்சில் வந்ததாலேயே ஒன்று உண்மையாகிவிடாது.

அதேவேளை, வாழ்க்கைச் சான்றை மட்டும் வைத்துக்கொண்டு நூலைப் படிக்காமல் பேசுவதும் கூடாது. 'எங்கள் ஊரில் இப்படி இல்லை' என்பது கருத்தின் தொடக்கம். நாவலில் எப்படி இருக்கிறது, ஏன் வேறுபடுகிறது, அவ்வேறுபாட்டால் கதை வலுப்பெறுகிறதா நலிகிறதா என்று தொடர்ந்து ஆராய்ந்தால்தான் அது முழுமையடையும்.

கற்றல் எவ்வாறு நிறைவடைகிறது என்பதை நன்னூலார் கணக்கிட்டுக் கூறியுள்ளார். ஆசிரியரிடம் நன்கு கேட்டுக் கொள்வதால் கிடைப்பது கால் பங்கு. உடன் பயில்வோரோடு பழகிப் பெறுவது மற்றொரு கால் பங்கு. எஞ்சிய அரைப் பங்கும் பிறருக்கு எடுத்துரைக்கும்போதே கைவருகிறது. மாணவர் தம் கருத்தை அவையில் எடுத்துரைப்பதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே பவணந்தி முனிவர் அளித்த இடம், கல்வியின் சரிபாதி.

வறுமையிலிருந்து எழுவோரின் கதையைப் படிக்கும் மாணவர், யார் எழுந்தார் என்று மட்டும் பார்த்து நூலை மூடிவிடலாகாது. அவரோடு யார் எழுந்தனர், யார் அங்கேயே விடப்பட்டனர், அவர்களை விட்டது யார் என்றும் கேட்க வேண்டும். இவ்வினாக்களைக் கேட்கப் பழகியவர் நாவலோடு தம் ஊரையும் படிக்கத் தொடங்கிவிடுகிறார்.

கற்பவை கற்றபின்...

1. 'உழைப்பு மட்டுமே ஒருவரை உயர்த்தும்' என்னும் பொருளில் வகுப்பில் ஒட்டியும் வெட்டியும் பேசுக.

2. உங்கள் ஊரில் விளையும் பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் விலையை முடிவுசெய்வோர் யார் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

3. நீங்கள் படித்த நாவல் ஒன்றைப் பற்றிய உங்கள் கருத்தை, நூலிலிருந்து இரண்டு சான்றுகளும் வாழ்க்கையிலிருந்து ஒரு சான்றும் காட்டி நிறுவுக.