பலகையில் முதலில் அம்மா பேசட்டும்

கேரளத்தின் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஐந்து வயது மகனுக்கு ஆட்டிசம், பேச்சு வரவில்லை. படத்தைத் தொட்டால் பேசும் செயலியோடு ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தால் பையன் பேசிவிடுவானா? இல்லை, அந்தச் சுகத்தில் வர வேண்டிய பேச்சும் வராமல் போய்விடுமா?

இரண்டாவது பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். 2006ல் மில்லர், லைட், ஷ்லாசர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைச் சலித்து, நம்பும்படி நடத்தப்பட்டவற்றில் இருந்த 27 பேரின் விவரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் 89 சதவீதம் பேருக்கு வாய்ப்பேச்சு கூடியிருந்தது. மற்றவர்களுக்கு மாற்றமில்லை. ஒருவருக்கும் குறையவில்லை. கூடியதும் கொஞ்சம்தான்; 27 பேர் என்பதும் பெரிய கூட்டமில்லை. ஆனாலும் அந்தப் பயத்துக்குச் சாட்சி சொல்ல அதில் ஒரு பிள்ளைகூட இல்லை.

முதல் கேள்விக்குப் பதில்: டேப்லெட்டை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு விட்டால் யூடியூப் பார்ப்பான்.

ஏன் என்று புரிய ஒரு சின்னக் கணக்குப் போதும். ஜேன் கோர்ஸ்டன் என்ற அமெரிக்கப் பேச்சுப் பயிற்சியாளர் போட்டது. ஒரு குழந்தை பிறந்த நாளிலிருந்து தினம் எட்டு மணி நேரம் பேச்சைக் காதில் வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை வயதுக்குள் 4,380 மணி நேரம் ஆகிறது. அவ்வளவும் கேட்ட பிறகும் வருவது 'பால்', 'வா' என்று சில சொற்கள்தான். அதற்கே வீட்டில் கொண்டாட்டம். இப்போது படத்தைத் தொட்டுப் பேச வேண்டிய பிள்ளையைப் பாருங்கள். படத்தைத் தொட்டு யாராவது அவனிடம் பேசுவது வாரத்தில் இரண்டு முறை, தெரபி அறையில், அரை அரை மணி நேரம். இந்த வேகத்தில் அதே 4,380 மணியை எட்ட 84 ஆண்டுகள் ஆகும். நாமோ மூன்றே மாதத்தில், "இவனுக்கு இதெல்லாம் ஏறவில்லை" என்று டேப்லெட்டையோ படம் ஒட்டிய பலகையையோ பரணில் போட்டுவிடுகிறோம்.

வீட்டில் எல்லாரும் வாயால் பேசுகிறார்கள்; அவன் மட்டும் விரலால் பேச வேண்டும் என்கிறோம். ஆகவே பெரியவர்களும் விரலால் பேச வேண்டும். "இன்னும் தண்ணி வேணுமா?" என்று கேட்கும்போதே பலகையில் 'இன்னும்', 'வேணும்' இரண்டையும் தொடுங்கள். எல்லாச் சொல்லையும் தொட வேண்டியதில்லை. "எங்கே, நீ காட்டு பார்ப்போம்" என்று பரீட்சை வைக்கவும் வேண்டாம். தொட்டுவிட்டுக் காத்திருங்கள். அவன் தொடாவிட்டாலும் நஷ்டமில்லை, கேட்ட கணக்கில் சேர்கிறது. கூசென்ஸ், கிரெய்ன், எல்டர் என்ற மூவர் 1992லேயே இந்த முறையை விரிவாக எழுதிவைத்துவிட்டார்கள். புதிய தொழில்நுட்பம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை என்பதால்தானோ என்னவோ, செய்தியில் வருவதில்லை.

எனக்கு இதில் ருசியான பகுதி, கை எப்படிக் கற்கிறது என்பது. அஞ்சறைப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். எண்ணெய் காய்ந்ததும் அம்மாவின் விரல் தானாகக் கடுகுக்குப் போகிறது; கண் அடுப்பில் இருக்கிறது. படம் ஒட்டிய பலகையிலும் அப்படித்தான். 'வேணும்' இடது மேல்மூலையில் என்றால் என்றைக்கும் அங்கேதான் இருக்க வேண்டும். படம் எவ்வளவு அழகு என்பதைவிட இடம் மாறாமல் இருப்பது முக்கியம். மாமியார் ஒருநாள் பெட்டியைக் கழுவிக் காயவைத்து, சீரகம் இருந்த இடத்தில் வெந்தயத்தைக் கொட்டிவிட்டால் அன்றைய ரசம் என்ன ஆகும்? செயலி 'அப்டேட்' ஆனதும், புது டீச்சர் வந்ததும் பலகையை வரிசை மாற்றி அடுக்குகிறார்களே, அது இதே வேலை.

உவமையை இன்னும் இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கடுகும் சீரகமும் மிளகும் அன்றாடச் சமையலுக்கு வேண்டும், அதனால் பெட்டிக்குள் இருக்கின்றன. பிரியாணி இலைக்கு மேல்தட்டு டப்பாதான். மொழியிலும் வேணும், வேண்டாம், இன்னும், போதும், வா, போ, குடு, அது, என்ன, ஏன் என்ற மாதிரிச் சில நூறு சொற்கள்தான் நாள் முழுக்கப் புழங்குகின்றன. கடையில் விற்கும் பட அட்டைகளில் இருப்பதோ ஆப்பிள், யானை, ஆகாய விமானம். பெட்டி முழுக்கப் பிரியாணி இலை! அதை வைத்துக்கொண்டு பிள்ளை எதைக் கேட்பான், எதை வேண்டாமென்பான்?

இந்த உவமை ஓர் இடத்தில் முறிகிறது: கடுகுக்கு இறந்தகாலம் கிடையாது, தமிழ் வினைக்கு உண்டு. போனேன், போறான், போவா, போகமாட்டோம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் போட்டால் பலகை பாய் அகலம் ஆகிவிடும். 'போ' என்பதற்கு ஒரு கட்டம்; 'நேத்து', 'அப்புறம்', 'மாட்டேன்' தனித்தனிக் கட்டங்கள். விரல் 'போ', 'மாட்டேன்' என்று தொடும்போது வாய் முழுதாக "போகமாட்டேன்" என்று சொல்லட்டும். விகுதி காது வழியாக வந்து சேரும்.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. சார்லஸ் பிளிஸ் என்பவர் உலக மக்கள் சண்டையில்லாமல் பேசிக்கொள்ளக் குறியீட்டு மொழி ஒன்று செய்து 1949ல் வெளியிட்டார். உலகம் கண்டுகொள்ளவில்லை. 1971ல் டொரண்டோவில் மூளைமுடக்குவாதம் உள்ள குழந்தைகளின் ஆசிரியர்கள் அதை எடுத்துப் பயன்படுத்தினார்கள். குறிகளை மாற்றிவிட்டார்கள் என்று அவர்கள்மேலேயே பிளிஸ் சண்டைக்குப் போனார். நம் பக்கத்தில், 1985ல் தொடங்கிய சென்னை வித்யாசாகர் பள்ளியின் குழந்தைகளோடும் ஆசிரியர்களோடும் இருந்து, ஐஐடியில் படித்த அஜித் நாராயணன், பேச உதவும் 'ஆவாஸ்' கருவியை உருவாக்கினார். பிறகு அது செயலியாயிற்று; தமிழிலும் கிடைக்கிறது. நல்ல கருவி. ஆனால் அதற்கும் வீட்டில் ஒரு விரல் வேண்டும்.

அந்த விரல் பிள்ளையின் கையைப் பிடித்து நகர்த்தக் கூடாது. கையைத் தாங்கிப் பிடித்தால் பேசாத பிள்ளை பக்கம் பக்கமாக எழுதும் என்று 1990களில் ஒரு முறை பரபரப்பாகப் பரவியது. 1993ல் நியூயார்க் மாநிலத்தில் சோதித்தார்கள்: பிள்ளைக்கு ஒரு படம், கை பிடிப்பவருக்கு வேறு படம். பிள்ளை மட்டும் பார்த்த படத்தின் பெயர் ஒருமுறைகூடச் சரியாக வரவில்லை. தப்பாக வந்தவற்றில் பல, கை பிடித்தவர் பார்த்தவை. அமெரிக்கப் பேச்சு, செவித்திறன் வல்லுநர் சங்கம் 2018ல் மறுபடியும் இதை நிராகரித்தது. இன்றும் வேறு பெயர்களில் விற்கிறார்கள். காசு கொடுக்காதீர்கள்.

சித்தூரிலும், தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலும் இன்னொரு சிக்கல். வீட்டில் தமிழ், தெரபி அறையில் மலையாளம். "ஒரே மொழியில் பேசுங்கள், குழம்பிவிடுவான்" என்று அறிவுரை வரும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை இருமொழிச் சூழல் கூடுதலாகப் பின்னுக்கு இழுப்பதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. பாட்டியிடம் தமிழில் பேசாத பிள்ளைக்குப் பாட்டியே இல்லாமல் போவதுதான் நிஜமான நஷ்டம். ஒரே படம், ஒரே இடம். கீழே 'வேணும்' என்று தமிழிலும் 'வேணம்' என்று மலையாளத்திலும் எழுதி லேமினேட் செய்தால் ஜெராக்ஸ் கடைச் செலவோடு முடிந்தது. டேப்லெட் பிறகு வரட்டும்.

இவ்வளவையும் ஓர் அம்மா தனியாக, வேலைக்கும் போய்க்கொண்டு செய்ய முடியாது. அப்பா, பாட்டி, அக்கா எல்லாரும் பலகையில் பேசப் பழக வேண்டும். பழக்கிவிட யாராவது வீட்டுக்கு வர வேண்டும். கருவி வழங்கும் விழாவில் போட்டோ எடுப்பதைவிட இந்த வருகைக்குச் செலவழிப்பது மேல் என்பது என் கட்சி. வட்டார வள மையத்தின் சிறப்பு ஆசிரியரிடமும் ஊராட்சி நடத்தும் 'பட்ஸ்' சிறப்புப் பள்ளியிலும் அதைக் கேளுங்கள். கேட்பது சலுகை அல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 17ஆவது பிரிவில், பேச்சுக்குத் துணையான மாற்று வழிகளை ஊக்குவிப்பதை அரசின் கடமையாக்கியிருக்கிறது. உரிய அளவு குறைபாடு உள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை துணைக் கருவிகளை இலவசமாகத் தரவும் சொல்கிறது. மனுவைத் தமிழிலேயே எழுதுங்கள். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுத வழி செய்தது. பதிலும் தமிழில் வர வேண்டும்.